உடையவில்லை, ஆனால் படம் நடுங்கியது: மூவரின் கேமரா பிராக்கெட் அனுபவங்கள்

சுவரில் வீடியோ கேமரா மாட்ட, 3 மி.மீ. அலுமினியத் தகட்டை எல் வடிவில் வளைத்து நானே ஒரு பிராக்கெட் செய்தேன். சுவரிலிருந்து நீளும் அதன் கை 20 செ.மீ. கேமரா ஒரு கிலோகூட இல்லை, அதனால் தாங்குமா என்ற கவலையே வரவில்லை. தாங்கவும் செய்தது. ஆனால் ஜூம் செய்தால் படம் நடுங்கியது. யாராவது கதவைச் சாத்தினால் இரண்டு மூன்று நொடி ஆடித்தான் அடங்கும்.

பல நாள் லென்ஸையே சந்தேகப்பட்டேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 டிகிரி அகலக் காட்சி 1920 பிக்சலில் விழுந்தால், ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.005 டிகிரிதான். அவ்வளவு அசைந்தாலே திரையில் தெரிந்துவிடும். உடையாத பலம் இருந்தது, வளையாமல் நிற்கும் விறைப்பு இல்லை.

கை நீளத்தைப் பாதியாகக் குறைத்தேன். அதே எடைக்கு நுனியின் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினாலும் அதே பலன்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வந்தது, மூலையில் ஒரு முக்கோணத் தகட்டை வைத்து இறுக்கிய பிறகு. அதுவரை அந்த மடிப்பு கீல் மாதிரி அசைந்துகொண்டிருந்திருக்கிறது!

* * *

எனக்கு நேர்ந்தது வேறு. நீளமான லென்ஸ் போட்ட கேமராவைப் பக்கவாட்டில் மாட்டியிருந்தேன். ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் லென்ஸ் கீழ்நோக்கித் தாழ்ந்து, அடிவானம் படத்தில் மேலே ஏறியிருந்தது. ஒற்றைத் திருகு எவ்வளவு இறுகினாலும் உராய்வை நம்பித்தான் நிற்கிறது; லென்ஸின் எடை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிட்டது. பல வீடியோ கேமராக்களின் அடியில் திருகுத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும். கேமராவைத் தாங்கும் பிளேட்டில் உள்ள முளை அதில் உட்கார்ந்தால் கேமரா திரும்பாது. என் கேமராவில் குழி இல்லை. அதனால் பிராக்கெட்டின் விளிம்பை மேலே மடித்து, கேமராவின் தட்டையான பின்பக்கம் அதில் முட்டும்படி செய்தேன். அதன்பின் அசையவில்லை.

* * *

திருகின் மரையையும் பாருங்கள். கேமராவின் கால் இஞ்ச் துளையில் இஞ்சுக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27 மி.மீ. நான் கையில் கிடைத்த எம்6 (6 மி.மீ. மெட்ரிக்) போல்ட்டைப் போட்டேன், அதன் இடைவெளி 1 மி.மீ. ஓரிரு சுற்று போனதும் இறுகியது. பிடித்துவிட்டது என்று நம்பி ஸ்பேனரால் திருகினேன், மரை தேய்ந்துபோனது. இப்போது பிராக்கெட் வரையும்போதே சரியான திருகை வாங்கி, தகட்டைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று அளந்துவிட்டுத்தான் துளை போடுகிறேன். நீளம் கூடினால் கேமராவின் உள்ளே முட்டும்.