அக்கி போன பிறகும் நிற்காத வலிக்கு பல்ஸ்டு ஆர்.எஃப். (ஊசி வழியாக ரேடியோ அலை மின்சாரத்தை விட்டு விட்டு நரம்போரம் செலுத்தும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் எழுதுங்கள்

கானாடுகாத்தான் பேத்தி:
அப்பத்தாவுக்கு அக்கி வந்து, வேளார் (குயவர்) வீட்டில் காவியால் அக்கி எழுதி, கொப்புளமெல்லாம் உதிர்ந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. இடது விலாவைச் சுற்றி முதுகு வரை எரியும். ரவிக்கை போட முடியாது, ஃபேன் காற்று பட்டாலே துடிப்பார். நரம்பு வலி மாத்திரை ப்ரீகாபலினைக் கூட்டிக்கொண்டே போனதில் வலி குறையவில்லை, பட்டாலையில் தடுமாறி விழப் பார்த்ததுதான் மிச்சம். அப்புறம்தான் மதுரையில் பல்ஸ்டு ஆர்.எஃப். “நரம்பைச் சுடுவாங்களாம், மரத்துப் போயிருமாம்” என்று வளவே கூடி எதிர்த்தது.

அவருக்குக் காது மந்தம் என்பதால் என்னையும் எக்ஸ்ரே படாமலிருக்க ஈய ஏப்ரன் மாட்டி உள்ளே விட்டார்கள். ஊசி முதுகெலும்பு ஓரம், நரம்பு முடிச்சுக்குப் பக்கத்தில் போய்விட்டது. சிகிச்சைக்கு முன்னால் லேசாக மின்சாரம் விட்டு, “ஆச்சி, என்ன தெரியுது?” என்றார் டாக்டர். நான் காதோரம் திரும்பச் சொன்னேன். “எறும்பு ஊருது... அதே எடந்தான்... இவருக்கு யாரு சொன்னா?” என்றார் அப்பத்தா. இத்தனை மாதமாக யார் கேட்டும் அவரால் சரியாகக் காட்ட முடியாத இடம் அது. இப்போது வலி பாதிக்கு மேல் குறைந்து ரவிக்கை போடுகிறார். ஆனால் சுட்டார்களா இல்லையா என்று ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

ஆத்தங்குடி கல்:
சுடவில்லை ஆச்சி. எனக்குக் கழுத்து டிஸ்க் பிதுங்கி வலது கட்டைவிரல் வரை இழுக்கும். நான் ஆத்தங்குடி தரைக்கல் செய்கிறவன். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றும்போது கை உதறினால் பூ கலைந்துவிடும், கல் வீண். பல்ஸ்டு செய்த பிறகு முதலில் வலி கூடத்தான் செய்தது, ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு காலையில் அச்சைத் தூக்கிய பிறகுதான் கையில் இழுப்பு இல்லை என்பதே உறைத்தது. பிடி குறையவில்லை, விரல் மரக்கவும் இல்லை. வருஷம் திரும்புவதற்குள் வலி வந்துவிட்டது, மறுபடி செய்யலாம் என்கிறார்கள்.

தேவகோட்டை மகன்:
எல்லா நரம்பு வலிக்கும் இது மருந்து என்று எண்ண வேண்டாம். ஆத்தாவுக்கு முகத்தில் ட்ரைஜெமினல் வலி, அதாவது முக உணர்வு நரம்பில் வருகிற வலி. பல்ஸ்டு செய்தோம், ஒரு பலனும் இல்லை. பிறகு சுடுகிற பழைய ஆர்.எஃப். செய்ததும் வலி நின்றது, கூடவே கன்னமும் மரத்தது. காபி வாயோரம் வழிந்து சேலையில் சொட்டுகிறது, அவருக்குத் தெரியவில்லை. நான் துடைத்துவிட்டபோது எதற்கு என்று கேட்டார். முக வலிக்கு ‘சுடாததே நல்லது’ என்று எழுதுகிறவர்கள் அந்த வலியைப் பார்த்ததில்லை.

காரைக்குடி நர்ஸ்:
நீங்கள் சொல்வது சரி அண்ணே, ட்ரைஜெமினல் வலிக்குப் பழைய முறைதான் கை கொடுக்கிறது. இரண்டும் வேறு வேறு. பழையதில் ஊசி நுனி 80 டிகிரி வரை தொடர்ந்து சூடாகித் திசு வெந்துவிடும். 1998-ல் ஸ்லூய்ட்டர் குழுவினர் கொண்டுவந்த பல்ஸ்டு முறையில் நொடிக்கு இரண்டு துடிப்பு, ஒவ்வொன்றும் 20 மில்லி நொடி, பின்னால் 480 மில்லி நொடி ஓய்வு. அந்த ஓய்வில் சூடு தணிவதால் 42 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. வேலை செய்வது சூட்டைவிட நுனியில் உண்டாகும் மின்புலம்தான் என்கிறார்கள்.

அதற்காக நரம்புக்கு ஒன்றுமே ஆகாது என்றும் சொல்லாதீர்கள். எலிகளில் செய்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வலியைக் கடத்தும் மெல்லிய சி இழைகளுக்குள் மைட்டோகாண்ட்ரியாவும் நுண்குழல்களும் சிதைந்திருந்தன, தொடுவுணர்வுக்கான தடித்த இழைகளில் பாதிப்பு குறைவு. ஆத்தங்குடி அண்ணனுக்கு விரல் மரக்காதது இதனால்தான் என்று நினைக்கிறேன். தண்டுவடத்தில் வலியைத் தூண்டிவிடும் மைக்ரோகிளியா செல்கள் அடங்குவதையும், மூளையிலிருந்து இறங்கி வந்து வலியை அடக்கும் நாரட்ரினலின், செரட்டோனின் பாதைகளுக்கு இதில் பங்கு இருப்பதையும் விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள்.

அந்த அறையில் என் வேலை கையைப் பிடித்துக்கொள்வது. மெஷின் ‘டக் டக்’ என்று தொடங்கியதும் ஒரு பெரியவர் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. அவருக்கு வலியில்லை, பயம்தான். முன்கூட்டியே சத்தத்தைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அக்கி தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்குவது நல்லது, காவி பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் டாக்டரிடம் அக்கி வராமலிருக்கப் போடும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு டோஸ்.

பள்ளத்தூர் அயித்தை:
நர்ஸம்மா, வேளார் வீட்டைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டு ஐயாவுக்கு நெற்றியில் அக்கி வந்து, எழுத வேளார் வீட்டுக்குப் போனபோது, காவி குழைத்துக்கொண்டிருந்த வேளாரம்மாதான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கண்ணுக்குப் பக்கத்துல வந்திருக்கு, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலமே மாத்திரை ஆரம்பித்தோம், கண் தப்பியது. நெற்றியில் மட்டும் இன்னும் சுருக்சுருக்கென்று குத்துகிறது. நெற்றி நரம்புக்கு இதைச் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?