அப்பா ஆஸ்பத்திரியில இருந்த 17 நாளு... உங்க வீட்ல எப்படி சமாளிச்சீங்க?

தாமிரபரணிக்காரி:

எங்க அப்பாவுக்கு 78 வயசு, அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அம்மா போனப்புறம் அம்பாசமுத்திரம் பக்கத்துல சொந்த வீட்ல தனியாத்தான் இருந்தாங்க, நாங்க எத்தனை தடவை கூப்பிட்டும் வரல. போன ஆடி மாசம் விடியக்காலம் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, பால்காரர் கதவைத் தட்டிப் பாத்துட்டு பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட, அவங்க எனக்கு போன் போட, நான் பாளையங்கோட்டையில இருந்து கிளம்புறதுக்குள்ள 108ல ஏத்தியாச்சு. இடது இடுப்புல, தொடை எலும்போட கழுத்துப் பகுதியில முறிஞ்சிருக்கு.

நான் இங்க, பெரியண்ணன் சென்னை, சின்ன அண்ணன் மஸ்கட். வாட்ஸ்அப் குரூப்ல அன்னைக்கே சண்டை ஆரம்பிச்சாச்சு. சின்ன அண்ணன் ஆபரேஷன் பண்ணிரலாம்ங்கான், பெரியண்ணன் எக்ஸ்ரேயை சென்னையில நாலு பேர்ட்ட காட்டிட்டு சொல்றேன்ங்கான், சித்தப்பா நேர்ல வந்து நின்னுக்கிட்டு "இந்த வயசுல கத்தி வைக்கணுமா, எண்ணெய்க்கட்டு போட்டா மூணு மாசத்துல கூடிரும்"ங்காங்க. ஒவ்வொரு தடவையும் டாக்டர் என்கிட்ட "என்ன முடிவு பண்ணீங்கம்மா?"ன்னு கேக்காரு, நான் "அண்ணன்ட்ட கேட்டு சொல்றேன் சார்"ங்கேன். ராத்திரி பகலா கூட இருக்கிறது நான், முடிவு எடுக்கிறது வீடியோ கால்ல வர்றவங்க. இதை நான் குத்தமா சொல்லல, ஆனா அந்த ரெண்டு நாளும் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு.

டாக்டர் சித்தப்பாவை உக்கார வச்சு பொறுமையா சொன்னாரு, மூணு மாசம் படுத்தே கெடந்தா எலும்பு கூடுதோ இல்லையோ நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும், காலுல ரத்தம் உறையும், வயசானவங்களைக் கொண்டு போறது அதுதான், முடிஞ்சா ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் பண்றது நல்லதுன்னு. அப்புறம் நேரா அப்பா கட்டில்ட்ட போயி "ஐயா நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாரு. எங்க யாருக்குமே அது தோணல பாத்துக்கோங்க! அதுவரைக்கும் அவங்க காது கேக்காத மாதிரி மோட்டைப் பாத்துட்டுப் படுத்திருந்தாங்க. "பிரேக் டவுன் ஆன வண்டியை ரோட்டுல போட்டு வைக்க முடியுமா சார், டெப்போவுக்கு எடுங்க"ன்னாங்க. சுயநினைவோட இருக்கிறவங்கன்னா அவங்க சம்மதம்தான் முக்கியம், நாங்க போடுறது சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்னு டாக்டர் சொன்னாரு.

ஏற்கனவே ஸ்டென்ட் வச்ச உடம்பு, எக்கோ எடுத்து ஹார்ட் டாக்டர் ஓகே சொன்னப்புறம் பாதி மூட்டு மாத்துனாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் கூத்து.

மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், டிரிப்ஸ் ஒயரைப் புடிச்சு இழுத்து இழுத்து டிக்கெட் கிழிக்கிற மாதிரி விரலை மடக்கிக்கிட்டு "சேரன்மாதேவி எல்லாம் எறங்குங்க, சில்லறை இல்லாதவன் ஏறாதே"ன்னு சத்தம். நர்ஸைப் பாத்து பாஸ் இருக்கான்னு கேக்காங்க. என்னைத் தெரியல. அப்பாவுக்கு கிறுக்கு புடிச்சிருச்சுன்னு நெனச்சு வராண்டாவுல உக்காந்து அழுதுட்டேன். கையைத் துணியால கட்டிப் போட்டாங்க, அதுதான் இன்னைக்கும் ஆறல. காலையில ரத்தம் பாத்தா சோடியம், அதான் ரத்தத்துல இருக்கிற உப்பு, 119, இருக்க வேண்டியது 135லருந்து 145. அட்மிட் பண்ணும்போதே 128தானாம். மஞ்சப்பையில கெடந்த பழைய மாத்திரை அட்டையை எல்லாம் எடுத்துக் காட்டுனேன், பிபி மாத்திரையிலயே நீர் பிரியறதுக்கான மருந்து சேர்ந்திருக்கு, வயசானவங்களுக்கு அது உப்பைக் கொறச்சிரும், விடியக்காலம் தள்ளாடி விழுந்ததுக்கே அதுகூட காரணமா இருக்கலாம்னாரு டாக்டர். சட்டுனு ஏத்தவும் கூடாதாம், மூளைக்கு ஆகாதாம், அதனால மெல்ல மெல்ல ஏத்துனாங்க. கண்ணாடியும் காது மெஷினும் வீட்லயே கெடந்தது, அதை எடுத்துட்டு வந்து மாட்டி, பகல்ல ஜன்னல் திரையை விலக்கி வச்சு, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் எதிர்ல மாட்டச் சொன்னாங்க. அதுல இருந்து நாலாம் நாள் "ஏளா, நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு.

பில் கதையையும் சொல்லிருதேன், யாருக்காவது உதவும். பெரியண்ணன் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல 5 லட்சம், ஆனா ரூம் வாடகை 5,000 வரைக்கும்தான். அண்ணன் போன்ல "அப்பாவுக்கு நல்ல ரூமா போடு"ன்னான், நானும் 7,000 ரூபா ரூமைப் போட்டுட்டேன். தினம் அந்த 2,000தான் நம்ம கையில இருந்து போகும்னு நெனச்சா, ஆபரேஷன் தியேட்டர், சர்ஜன் ஃபீஸ், டாக்டர் விசிட்னு எல்லாத்தையும் அதே கணக்குல வெட்டிட்டாங்க, 100க்கு 71 ரூபாதான் பாஸ் ஆச்சு. மருந்துக்கும் உள்ள வச்ச மூட்டுக்கும் அந்த வெட்டு இல்ல. கிளவுஸ், டயப்பர் எல்லாம் நம்ம செலவு. அட்மிஷன் டெஸ்க்ல யாரும் இதை வாயத் தெறந்து சொல்லல. பாலிசியை மதினி எடுத்துப் படிச்சது டிஸ்சார்ஜ் அன்னைக்கு!

இப்ப அடுத்த முடிவு, அப்பா எங்க இருக்கிறது? சென்னையில மூணாவது மாடி, லிப்ட் இருக்கு ஆனா ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. ஊர் வீட்ல குத்துக்கால் போட்டு உக்கார்ற கக்கூஸ், படிக்கட்டு. எங்க வீட்லன்னா மாமியாரும் இருக்காங்க. உங்க வீட்ல எல்லாம் என்ன பண்ணீங்க?

வைகைக்கரை:

அக்கா, உங்களுக்காவது அப்பாட்ட கேக்க முடிஞ்சது. எங்க அப்பாவுக்கு மூளையில ரத்தக்கசிவு, வெண்டிலேட்டர்ல 11 நாள், கேக்கவே வழி இல்ல. தொண்டையில ஓட்டை போட்டு குழாய் வைக்கலாமான்னு டாக்டர் கேட்டப்போ தம்பி வெளிநாட்டுல இருந்து வந்து எறங்கி "எவ்வளவு ஆனாலும் பரவால்ல, எல்லாத்தையும் பண்ணுங்க"ன்னுட்டான். அவன் மேல தப்பில்ல, ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நேரா ஐசியூல பாக்குறான். ஆனா அப்பா ஒரு தடவை பெரியப்பாவை அந்தக் கோலத்துல பாத்துட்டு வந்து "எனக்கு இந்தக் குழாய் எல்லாம் சொருகிடாதீங்கடா"ன்னு சொன்னது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதை தம்பிட்ட சொல்லிப் புரிய வைக்கவே மூணு நாள் ஆச்சு. அப்புறம் டாக்டர்ங்க கூடிப் பேசி, பேப்பர்ல எழுதி, ட்யூபை எடுத்துட்டாங்க, பக்கத்துல அம்மா இருந்தாங்க. இப்படி ட்யூபை எடுக்கிறதுக்கும், முன்னாடியே நம்ம விருப்பத்தை எழுதி வைக்கிறதுக்கும் 2018லயே சுப்ரீம் கோர்ட் வழி சொல்லிருக்குன்னே எங்களுக்குத் தெரியாது, 2023ல அதை இன்னும் எளிமையாக்கியும் இருக்காங்களாம், டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சது. இப்ப அம்மா தன்னோட விருப்பத்தை எழுதி வைக்கணும்னு வக்கீலைப் பாக்கச் சொல்லி என்னைய நச்சரிக்குது.

நைட் டூட்டி:

நான் 14 வருஷமா வார்டு நர்ஸ். தாமிரபரணி அக்கா சொன்ன அந்த ராத்திரி கூத்தை வாரத்துக்கு ரெண்டு பாக்குறோம், இடுப்பு ஆபரேஷன் பண்ண தாத்தா பாட்டிங்க நெறைய பேருக்கு வரும், பெரும்பாலும் சரியாயிரும், பைத்தியம் இல்ல. கைய கட்டுறதுல எங்களுக்கே இஷ்டமில்ல, ஒரு நர்ஸுக்கு பத்துப் பன்னெண்டு பேஷன்ட் இருந்தா என்ன பண்றது சொல்லுங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு ராத்திரி பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருந்தாலே பாதி அடங்கிருவாங்க.

ரெண்டு விஷயம் வாயத் தெறந்து கேளுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம். யூரின் ட்யூபை எப்ப எடுப்பீங்கன்னு தினமும் கேளுங்க, அது உள்ள இருக்க இருக்க இன்பெக்‌ஷன்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லுங்க, குதிகாலையும் முதுகுத்தண்டு அடியையும் நீங்களே பாருங்க, செவந்திருந்தா உடனே சொல்லுங்க. ஏர் பெட் போட்டாச்சேன்னு அப்படியே விட்டுறாதீங்க. அப்புறம் சொந்தக்காரங்க இருபது பேரு ஆப்பிளோட வந்து கட்டில்ல உக்காந்து "என்ன மாமா இப்படி எளைச்சுட்டீங்க"ன்னு ஒப்பாரி வைக்கிறத தயவு செஞ்சு நிறுத்துங்க, எங்களுக்கே பிபி ஏறுது.

வீட்டுக்குப் போனப்புறம் உங்க ஏரியா கிராம சுகாதார நர்ஸ்ட்ட மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டத்துல பதியச் சொல்லிக் கேளுங்க, 2021லருந்து நடக்குது, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுப்பாங்க. 70 வயசு தாண்டினவங்களுக்கு 2024 கடைசியில இருந்து வருமானம் பாக்காம ஆயுஷ்மான்ங்கிற அரசு இன்ஷூரன்ஸ் கார்டும் உண்டு.

தாமிரபரணிக்காரி:

ரொம்ப தேங்க்ஸ் ரெண்டு பேருக்கும். வைகைக்கரை தம்பி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

எங்க விஷயம் முடிவாயிருச்சு. இந்தத் தடவை குரூப்ல பேசல, நானும் பெரியண்ணனும் அப்பா முன்னாடி உக்காந்து, மஸ்கட்காரனை ஸ்பீக்கர்ல போட்டு, அப்பாட்டயே கேட்டோம். "எட்டு வாரம் மக வீடு, அதுக்குள்ள ஊர் வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் வைங்க, நான் போயிருவேன், மாசம் ஒரு தடவை எவனாவது வந்து பாத்தா போதும்"னாங்க. தனியா விடணுமான்னு பெரியண்ணனுக்கு இன்னும் மனசு ஆறல. பகலுக்கு ஒரு அக்காவை வச்சிருக்கோம், ஒரு நாளைக்கு 700 ரூபா, சின்ன அண்ணன் அனுப்புறான். டாய்லெட் வேலைக்கு கொத்தனார் ரெண்டு வாரமா "நாளைக்கு வாரேன்"ங்காரு.

ராத்திரி கூப்பிட பெரியண்ணன் ஆன்லைன்ல ரிமோட் காலிங் பெல் ஒண்ணு வாங்கி அனுப்பிருந்தான். அப்பா அதைத் தொடவே இல்ல. ட்ரங்குப் பொட்டியில இருந்த பழைய விசிலை எடுத்துட்டு வரச் சொல்லி கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. ஒரு விசில்னா யூரின் கேன் கொண்டு போணும், ரெண்டு விசில்னா வேலை முடிஞ்சுது, நான் போய்ப் படுத்துக்கலாம். மாமியார்தான் முதல் நாள் ராத்திரி பயந்து எந்திரிச்சு உக்காந்துட்டாங்க.