கல்யாணக் கார்ட்டை வீட்டிலேயே செய்தவர்கள் இருக்கிறீர்களா? எங்கள் கதை இது

தலவாக்கலையிலிருந்து (இலங்கை மலையகம்):

தங்கச்சியின் கல்யாணம் 2024 ஆவணியில். கார்ட் 180 வேண்டும். டவுனில் அச்சகத்தில் ஒன்றுக்கு 160 ரூபா கேட்டார்கள். மொத்தம் 28,800. அப்போது தேயிலைத் தோட்டத்தில் நாட்பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், 1,000 ரூபா. அம்மாவுக்கு மாதம் 28 நாள் பேர் விழுந்தாலும் அந்தக் காசு அடையாது. சரி, நாமே செய்வோம் என்று நானும் தங்கச்சியும் இறங்கினோம்.

ஏ4 மட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு ஏ5. அதை நடுவில் மடித்தால் கைக்கு அடக்கமான ஒரு கார்ட். ஆக 90 தாள் போதும், பழுதாகும் என்று ஐந்து கூடுதலாக எடுத்தோம். தடிப்பான மட்டை மெஷினில் சிக்கும் என்று பிரிண்ட் எடுக்கிற கடைத் தம்பி முதலிலேயே சொன்னதால் 200 ஜி.எஸ்.எம். (தடிப்பைக் காட்டும் அளவு) மட்டையே வாங்கினோம். உள்ளே கறுப்பு எழுத்து மட்டும். வெளியே ஒரு பெரிய அழிறப்பரில் இரண்டு இலை, ஒரு மொட்டு செதுக்கி, பச்சை மையில் கையாலேயே குத்தினோம். ஒவ்வொரு கார்ட்டிலும் இலை கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி விழுந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

மடிப்பு வெடிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. மட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடியுங்கள். மடிப்பதற்கு முன் அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டால் மடிப்பு நேராக விழும்.

பட்ட பாடெல்லாம் கவரில்தான். கொப்பிக்கு உறை போடுகிற பிறவுன் பேப்பரை வெட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டினோம். ஆடி மாதத்து மழை, பனி. ஒட்டியவற்றை நேராக நிற்கட்டும் என்று அடுக்கி மேலே செங்கல் வைத்துவிட்டுப் படுத்தோம். விடிந்து எடுத்தால் நாற்பது கவர் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகை மாதிரி இருந்தது. நடுவில் இருந்தவற்றில் இரண்டு நாளில் பூஞ்சணமும் பிடித்தது. தங்கச்சி அழுதேவிட்டாள். அப்புறம் அடுப்பங்கரையில் கயிறு கட்டி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக் காயவைத்தோம். மழைக்காலத்தில் செய்கிறவர்கள் பசையை விட்டு இரட்டைப் பக்க டேப் வாங்குங்கள். காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் நிம்மதி. எல்லாம் சேர்த்து 9,000 ரூபாவுக்குள் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா இல்லை. கடையில் காட்டிய மாதிரிக் கார்ட்டுகளில் எல்லாம் 'திரு. திருமதி' என்றுதான் தொடங்கும். அப்பா இல்லாத வீட்டில் மாமா பெயரில் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் உட்கார்ந்து வரி வரியாக நாங்களே எழுதியபோது, ஏன் அம்மா பெயரில் அழைக்கக்கூடாது என்று தங்கச்சி கேட்டாள். மாமா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் வந்து, "அக்கா பெயரையே முதலில் போடு, என் பெயரைக் கீழே போடு" என்றார். அம்மாவின் பெயரும், 'மேற்பிரிவு, 7ஆம் லயம்' என்ற விலாசமும் அச்சில் வந்தன. லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். லயம் என்று போடாதே, தோட்டத்தின் பெயரோடு விடு என்று சொன்னவர்களும் உண்டு. நாங்கள் போட்டோம்.

பண்டாரவளையிலிருந்து:

உங்கள் கவர் கதையைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்றுதான். அதே மாப் பசை எங்களுக்கு அரை மணியில் காய்ந்தது. மலையின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் போல.

நான் மாட்டிக்கொண்டது எழுத்தில். வீட்டில் யூனிகோடில் அடித்த கோப்பைக் கடையில் பழைய டிசைன் சொஃப்ட்வெயாரில் திறந்தார்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். 'கொ' என்பது மூன்று துண்டாகக் கிடந்தது. இன்னொரு கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரும்ப அடித்துத் தந்தார்கள், அதில் மாப்பிள்ளை வீட்டு ஊர்ப் பெயர் பிழை. கடைசியில் வீட்டிலேயே பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோனேன், எழுத்து அசையவில்லை. ஒரே ஒரு தாள் எடுத்து, கீழ் வரியிலிருந்து மேலே வாசித்துப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை எடுக்கச் சொன்னேன். கிழமையும் திகதியும் பொருந்துகிறதா என்று கலண்டரை வைத்துப் பாருங்கள், கட்டாயம்.

கூட வேலை செய்கிற சிங்கள நண்பர்களுக்கு 30 கார்ட்டில் மட்டும் பின்பக்கம் சிங்களத்தில் அடித்தோம். அடிப்பதற்கு முன் பக்கத்து வீட்டு டீச்சரிடம் வாசிக்கக் கொடுத்தோம். மாமனாரின் பெயரைத் திருத்தித் தந்தவர் அவர்தான்.

மஸ்கெலியாவிலிருந்து:

எங்கள் கல்யாணம் 2022 வைகாசியில். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சையே தள்ளிப்போன வருசம். அச்சகத்தில் விலை சொல்லவே தயங்கினார்கள். கிடைத்தது பதினைந்து மட்டை. நாலாக வெட்டி 60 கார்ட். வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் போனில் படம் அனுப்பினோம்.

தோட்டத்துக்குள் ஒரு லயத்துக்கு ஒரு கார்ட் என்று முடிவு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து, ஒவ்வொரு வாசலிலும் வெற்றிலை பாக்கு கொடுத்து வாயால் அழைத்தோம். கார்ட்டை அந்த லயத்தில் மூத்தவர் கையில் கொடுப்போம். ஐந்தாம் லயத்தில் பாட்டி அதை வாங்கிப் பேத்தியிடம் கொடுத்து, "எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசி" என்றார். அந்தப் பிள்ளை இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்று, 'நிகழும் மங்களகரமான' என்பதிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் சத்தமாக வாசித்தாள். பன்னிரண்டு வீட்டுக் கதவும் திறந்திருந்தது.