பாய்மரக்கப்பல்ல நாலு மாசம் தங்கிப் படிக்கப் போறேன்னு பொண்ணு சொல்றா, அனுப்பலாமா?

தெம்பனிஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், கேள்வி கேக்குறது இதுதான் முதல் தடவை. நாங்க சிங்கப்பூர். என் பொண்ணு ஜூனியர் காலேஜ்ல ரெண்டாவது வருஷம், இந்த வருஷக் கடைசியில ஏ லெவல் பரீட்சை முடியுது. யூனிவர்சிட்டி ஆகஸ்ட்லதான், நடுவுல எட்டு மாசம் கிட்ட சும்மா இருக்கு. அவ கூட்டாளிங்க எல்லாம் டியூஷன் சொல்லிக் குடுக்கலாம், எங்கயாவது டெம்ப் வேலை பாக்கலாம்னு பேசிட்டு இருக்காங்க, இவ மட்டும் ஐரோப்பாவுல ஓடுற ஒரு பாய்மரக்கப்பல்ல தங்கிப் படிக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குறா. மார்ச் நடுவுல ஸ்பெயின்ல காடிஸ்ல ஏறணுமாம், லிஸ்பன், ஃபிரான்ஸ்ல செயின்ட் மாலோ, ஆம்ஸ்டர்டாம் எல்லாம் போயிட்டு ஜூலை நடுவுல ஜெர்மனியில கீல் துறைமுகத்துல இறங்கணுமாம். கப்பல்லயே டீச்சர்ஸ் இருக்காங்க, கிளாஸ் நடக்குது, மத்த நேரம் புள்ளைங்களேதான் பாய் ஏத்தணும், சுக்கான் புடிக்கணும், சமைக்க உதவணும், டாய்லெட் கழுவணும். வீட்டுல தட்டை எடுத்து சிங்க்ல போட மாட்டா, அங்க போயி எல்லாம் செய்வேன்னு சொல்றா. துறைமுகம் பேரெல்லாம் ஒரு தாள்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா.

என் வீட்டுக்காரர் கேக்குறது ஒண்ணுதான், இது படிப்பா இல்ல ஊர் சுத்துறதா. ஃபீஸும் கொஞ்ச நஞ்சம் இல்ல. எனக்குப் பயம்தான் பெருசு. மாமியாருக்கு நாகப்பட்டினம், 2004 சுனாமியில கூடப் பொறந்த தம்பியைப் பறிகுடுத்தவங்க, இன்னமும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா தண்ணிக்கு முதுகு காட்டித்தான் உக்காருவாங்க. அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல. யாராவது இந்த மாதிரிக் கப்பல்ல போயிருக்கீங்களா, இல்ல புள்ளைங்கள அனுப்பியிருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க.

வாடைக்காத்து:

அக்கா, நான் போயிருக்கேன், ரெண்டு தடவை. இங்கிலாந்துல நியூகாசில்ல படிச்சிட்டு இருந்தப்போ, பெரிய பாய்மரக்கப்பலுங்க ஓடுற டால் ஷிப்ஸ் ரேஸ் 2018ல பக்கத்துல சண்டர்லேண்ட்லதான் ஆரம்பிச்சுது, அங்க ட்ரெயினியா ஏறி டென்மார்க்ல எஸ்பியர் வரைக்கும் போனேன். இந்த ரேஸ் 1956ல டார்பேல இருந்து லிஸ்பன் வரைக்கும் முதல்ல நடந்தது, இதுல ஓடுற கப்பல்ல பாதிப் பேராவது 15ல இருந்து 25 வயசுக்குள்ள இருக்கணும்னு ரூல் இருக்கு, அதனால உங்க பொண்ணு வயசுப் புள்ளைங்கதான் எங்க பாத்தாலும். அந்த வருஷம் இந்திய நேவியோட ஐஎன்எஸ் தரங்கிணியும் வந்திருந்தது, எஸ்பியர்ல அந்தக் கப்பல் மேல ஏறிப் பாக்குறப்போ ஒருத்தர் தமிழ்ல ‘சாப்டியாம்மா’ன்னு கேட்டாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

படிப்பா ஊர் சுத்துறதான்னு அண்ணன் கேக்குறாருல்ல, அதுக்கு நான் ரெண்டாவது தடவை போனதைச் சொல்றேன். அடுத்த வருஷம் ஈஸ்டர் லீவுல லிஸ்பன்ல இருந்து செயின்ட் மாலோ போன கப்பல்ல ஸ்கூல் பசங்க ஒரு கூட்டமே படிச்சிட்டு இருந்தாங்க. எல்லாரையும் மூணு ‘வாட்ச்’, அதாவது முறை வேலை பாக்குற குழுவாப் பிரிச்சிடுவாங்க, 12-4, 4-8, 8-12, பகல்ல நாலு மணி நேரம் ராத்திரி நாலு மணி நேரம். வாட்ச் இல்லாத நேரத்துலதான் கிளாஸ். ஒரு பையன் விடியக்காலை 4 மணி வரைக்கும் சுக்கான் புடிச்சிட்டு, தூங்கி எந்திரிச்சு 9 மணிக்குக் கணக்குக் கிளாஸ்ல உக்காந்திருப்பான். கஷ்டம்தான் அக்கா, முதல் வாரம் பாதிப் பேர் நோட்டு மேலயே தூங்கிடுவாங்க. ஆனா ட்ரிகானமெட்ரி எதுக்குன்னு அவங்க யாரும் கேக்கல, ஏன்னா மத்தியானம் செக்ஸ்டன்ட்ங்கற கோணம் அளக்குற கருவி வச்சு சூரியன் உச்சியில எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு அளந்து, டேபிள் பாத்து, கப்பல் எந்த அட்சரேகையில இருக்குன்னு அவங்களே கண்டுபிடிச்சு சார்ட்ல புள்ளி வைக்கணும், அப்புறம் ஜிபிஎஸ் கூட ஒத்துப் பாப்பாங்க. செயின்ட் மாலோவுல தண்ணி ஏறி இறங்குறது 12 மீட்டருக்கு மேலயும் போகும், நம்ம சிங்கப்பூர்ல மூணு மீட்டர் கிட்டத்தான், அங்க துறைமுகத்துக்குள்ள எப்ப நுழையணும்னு டைட் டேபிள் போட்டுக் கணக்குப் பண்ணது அந்தப் பசங்கதான், கேப்டன் சரி பாத்தாரு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 1554ல தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்துல போட்டு ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அச்சடிச்சாங்க, தமிழ் முதன்முதலா அச்சேறினது அதுலதான், அச்சடிச்ச ஊரு லிஸ்பன். வாஸ்கோ ட காமா 1497ல கிளம்பின, லிஸ்பன்ல இருக்குற அதே பெலேம் கரையில நின்னப்போ எனக்கு அது ஞாபகம் வந்துச்சு, கூட இருந்த நார்வே பொண்ணுக்கு எடுத்துச் சொன்னேன், அன்னிக்கு ராத்திரி வாட்ச்ல அவ ‘அம்மா’ன்னு தமிழ்ல எழுதக் கத்துக்கிட்டா.

கடல் மயக்கம் கண்டிப்பா வரும். பிஸ்கே வளைகுடாவுல ரெண்டு நாள் நான் வாளியைக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். மூணாம் நாள் எந்திரிச்சு ரொட்டி கேட்டேன், அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. மாத்திரையை மயக்கம் வந்த பிறகு போட்டா வெளிய வந்துடும், கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே போடச் சொல்லுங்க.

வுட்லண்ட்ஸ்காரர்:

மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காசை யூனிவர்சிட்டி ஃபீஸுக்கு எடுத்து வைக்கலாம். உபின் தீவுல அவுட்வர்ட் பவுண்ட் சாகசப் பயிற்சி மாதிரி இங்கயே இருக்கு, படகு ஓட்டணும்னா ஈஸ்ட் கோஸ்ட்ல செய்லிங் கிளாஸ் இருக்கு. என் மகளா இருந்தா அதைத்தான் சொல்லுவேன்.

முத்துநகர்க்காரன்:

தங்கச்சி, நான் தூத்துக்குடி. இப்போ துவாஸ்ல கப்பல் இன்ஸ்பெக்ஷன் வேலை, இருபத்தாறு வருஷமாச்சு. எங்க தாத்தா தோணியில தண்டலா, அதாவது தோணித் தலைவரா இருந்தவரு, இஞ்சினே இல்லாத பாய்த் தோணி, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போவாரு. எங்களுக்கு அணியம், பருமல், ஆலாத்துன்னு கப்பல் வார்த்தை எல்லாம் வீட்டுப் பேச்சுலயே வரும், காத்துக்கே வாடை கொண்டல் கச்சான்னு பேரு சொல்லித்தான் வளர்த்தாங்க. அந்தத் தோணி எல்லாம் பாயை இறக்கிட்டு இஞ்சினுக்கு மாறிடுச்சு, அதனால உங்க பொண்ணு பாய் ஏத்தக் கத்துக்கணும்னு கேக்குறான்னு படிச்சதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியல. ஆனா நீங்க கேட்டது பயத்தைப் பத்தி, அதனால அதைப் பேசுவோம், மூடி மறைக்க மாட்டேன்.

2010 பிப்ரவரி 17ஆம் தேதி கான்கார்டியான்னு ஒரு பாய்மரக்கப்பல் பிரேசில் பக்கம் கவுந்துச்சு. கனடாக்காரங்க நடத்தின மிதக்குற ஸ்கூல், உள்ள 64 பேர், அதுல 48 பேர் மாணவர்கள். கரையில இருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி. அத்தனை பேரும் லைஃப் ராஃப்ட்ல ஏறிட்டாங்க, நாப்பது மணி நேரம் கிட்ட மிதந்தாங்க, சரக்குக் கப்பலுங்க வந்து ஏத்திக்கிச்சு, ஒரு உயிர் கூடப் போகல. கனடாவோட போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரிச்சு 2011ல அறிக்கை குடுத்தாங்க. முதல்ல என்னமோ யாரும் எதிர்பாக்காத ராட்சசக் காத்துன்னு பேசினாங்க, அறிக்கை அப்படிச் சொல்லல. காத்து கூடிட்டு வர்றப்போ வாட்ச் ஆபீசர் பாயைக் குறைக்கல, இவ்வளவு பாய்க்கு இவ்வளவு காத்துதான் தாங்கும்னு கப்பல்லயே இருந்த கணக்கை அவருக்குச் சரியாப் பழக்கி விடல, காத்துக்குச் சாயுற பக்கத்துக் கதவும் ஜன்னலும் இறுக்கி மூடாம இருந்தது, அது வழியா தண்ணி உள்ள இறங்கிடுச்சு. நான் இந்த அறிக்கையை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியல.

இதை உங்களப் பயமுறுத்தச் சொல்லல. அத்தனை பேரும் உயிரோட வந்ததுக்குக் காரணம் அந்தப் புள்ளைங்க திரும்பத் திரும்ப டிரில் செஞ்சு பழகியிருந்ததுதான். கவுந்ததுக்குக் காரணம் பழக்கம் இல்லாத விஷயம். அதனால கப்பல்காரங்களுக்கு ஈமெயில் போட்டு நேராக் கேளுங்க. வாட்ச் ஆபீசருக்குப் பாய்க்கப்பல்ல எத்தனை வருஷ அனுபவம், ஸ்டெபிலிட்டி புக்லெட் (நான் சொன்ன அந்தப் பாய்-காத்துக் கணக்கு இருக்குற புத்தகம்) படிச்சு எப்ப பாய் குறைக்கணும்னு அவருக்கே தெரியுமா, இல்ல கேப்டனை எழுப்பித்தான் கேக்கணுமா? கடல்ல இருக்கறப்போ கதவை யாரு எத்தனை மணிக்கு ஒருக்கா செக் பண்றாங்க? ஏறின அன்னிக்கே லைஃப் ஜாக்கெட் டிரில் உண்டா? பாய்மரத்துல ஏறுறது கட்டாயமா, ஹார்னெஸ் (விழாம இருக்கக் கட்டுற பாதுகாப்புப் பட்டை) ஏறும்போதே மாட்டுறாங்களா இல்ல மேல போன பிறகா? நல்ல கப்பல் நடத்துறவங்க இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாப் பதில் சொல்லுவாங்க. எரிச்சலாப் பதில் வந்தா, இல்ல பதிலே வரலைன்னா, டெபாசிட் கட்டாதீங்க.

பழைய கப்பல்னு பயப்படவும் வேண்டாம். சோர்லாண்டெட் 1927ல கட்டினது, ஸ்டாட்ஸ்ராட் லெம்குல் 1914, ரெண்டும் நார்வேக் கொடியில இன்னும் இளம் புள்ளைங்கள ஏத்திட்டு ஓடிட்டுத்தான் இருக்கு. வயசைக் கேக்காதீங்க, கடைசியா செக் பண்ணி ரிப்பேர் பாக்க டாக்ல ஏத்தினது எப்போன்னு கேளுங்க.

வுட்லண்ட்ஸ் தம்பி சொன்ன காசு விஷயம் நியாயம்தான். கடன் வாங்கி அனுப்பாதீங்க. கையில இருந்தா மட்டும்.

பொங்கோல் அப்பா:

விசாவை யாரும் சொல்லல. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டா இருந்தாலும் ஷெங்கன்ல (ஐரோப்பாவுல ஒரே விசா செல்லுற நாடுங்க) விசா இல்லாம 180 நாள்ல 90 நாள்தான். ஸ்பெயின், போர்ச்சுகல், ஃபிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி அஞ்சும் ஷெங்கன், நாலு மாசம்னா கணக்கு இடிக்குது. நடுக்கடல்ல இருக்குற நாளை எப்படி எண்ணுவாங்க, துறைமுகத்துல ஸ்டாம்ப் அடிப்பாங்களான்னு கப்பல்காரங்ககிட்ட முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. நீங்க பிஆர் (நிரந்தரவாசி), பொண்ணு இந்தியப் பாஸ்போர்ட்னா ஆரம்பத்துலயே விசா வேணும், அதுவும் மல்டிபிள் என்ட்ரி. இதைப் படிக்கிற வேற யாருக்காவது மகன் இருந்தா, என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிக்காத பையன் மூணு மாசமோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுல இருக்கணும்னா எக்ஸிட் பெர்மிட் எடுக்கணும், மறந்துடாதீங்க.

அப்புறம் ஏ லெவல் ரிசல்ட் வந்ததும் யூனிவர்சிட்டி அப்ளிகேஷன் மார்ச்ல மூடிடும். நடுக்கடல்ல லைன் கிடைக்காது. ஏறுறதுக்கு முன்னாடியே எல்லாம் அனுப்பிடணும், இன்டர்வியூ வர்ற கோர்ஸா இருந்தா இன்னும் யோசிங்க.

தெம்பனிஸ் அம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மூணு வாரம் கழிச்சு எழுதுறேன்.

முத்துநகர் அண்ணன் குடுத்த கேள்வி எல்லாத்தையும் பொண்ணையே இங்கிலீஷ்ல எழுதி அனுப்பச் சொன்னேன். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, நாலு பக்கம். கதவு செக் பண்றது ஒவ்வொரு வாட்ச் மாறும்போதும், லாக் புக்ல எழுதிக் கையெழுத்துப் போடுவாங்களாம். ஹார்னெஸ் ஏற ஆரம்பிக்கும்போதே கிளிப் பண்ணணும், மேல ஏறுறது கட்டாயம் இல்ல. கான்கார்டியா பத்தி நாங்க கேக்காமயே அவங்களே எழுதியிருந்தாங்க, ஆபீசர்ஸ் எல்லாரும் அந்த அறிக்கையைப் படிச்சிருக்கணும்னு வச்சிருக்காங்களாம். என் வீட்டுக்காரர் அந்தப் பதிலை ரெண்டு தடவை படிச்சிட்டு, சரி இது ஸ்கூல்தான்னு சொன்னாரு. விசாவுக்குக் கப்பல்ல இருந்து லெட்டர் தருவாங்களாம், அதை வச்சு நீண்டகால விசா போடணும், தூதரகத்துல அப்பாயின்ட்மென்ட் எடுத்தாச்சு. ஃபீஸ்ல பாதியை அவளே டிசம்பர்ல இருந்து டியூஷன் எடுத்துக் கட்டுறேன்னு ஒத்துக்கிட்டா, மீதி நாங்க. கடன் இல்ல அண்ணே.

மாமியார்கிட்ட அவளே சொன்னா, நான் சொல்லல. ராத்திரி அவங்க ரூம்ல போய் உக்காந்து ஃபிரிட்ஜ்ல இருந்த அந்தத் தாளைக் காட்டி ஒவ்வொரு ஊரா வாசிச்சா. அவங்க ஒண்ணுமே பேசல. ரெண்டு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் போனப்போ, அவங்களே நாற்காலியைத் திருப்பிக் கடலைப் பாத்துப் போட்டு உக்காந்தாங்க. சுனாமியில பறிகுடுத்த தம்பியைப் பத்தி, அவரு எப்படி வலை பின்னுவாரு, அலையை எப்படிப் படிப்பாருன்னு பேத்திகிட்ட ஒரு மணி நேரம் பேசினாங்க. இருபது வருஷத்துல அவரைப் பத்தி அவங்க பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான். போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. நேத்து ‘அங்க குளிருமாடி’ன்னு மட்டும் கேட்டாங்க.

வாடைக்காத்து தங்கச்சி, என்னென்ன குடுத்து அனுப்பணும்னு சொல்லும்மா. பெரிய ட்ராலி பெட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.

வாடைக்காத்து:

அக்கா படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு.

ட்ராலி பெட்டி மட்டும் வாங்கிடாதீங்க! வைக்க இடமே கிடையாது, அவளுக்குன்னு சின்ன லாக்கர் ஒண்ணுதான். சுருட்டி மடிக்கிற மாதிரி துணிப் பை எடுங்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா ரெண்டு நாள் ஆனாலும் காயாது. கம்பளி உள்ளாடை ரெண்டு செட், கம்பளி சாக்ஸ் நாலு, நல்ல மழைக் கோட்டும் பேன்ட்டும், இது மட்டும் விலை பாக்காதீங்க. மார்ச்ல பகல்ல வெயில் அடிச்சாலும் ராத்திரி வாட்ச்ல காத்து எலும்புக்குள்ள போகும், பாட்டிகிட்ட ஆமா குளிரும்னு சொல்லிடுங்க, அவங்க கையால ஒரு மஃப்ளரோ தொப்பியோ பின்னிக் குடுத்தா அதைத்தான் அவ நாலு மாசமும் கழட்டாமப் போட்டிருப்பா. சிவப்பு லைட் வர்ற, தலையில மாட்டுற ஹெட் டார்ச் ஒண்ணு, வெள்ளை லைட் போட்டா மத்தவங்க கண்ணுக்கு இருட்டுல ஒண்ணும் தெரியாமப் போயிடும். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்க, முடியை இறுக்கக் கட்டணும், மோதிரம் கம்மல் எல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சிடணும், கயித்துல மாட்டுச்சுன்னா விரல் போயிடும்.

இட்லிப் பொடி ரெண்டு பாட்டில், பிளாஸ்டிக் பாட்டில். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு குக்குக்கு. எண்ணெய் அங்கயே இருக்கும்.