ஃப்ளோ கண்ட்ரோல்: பாய்வுக் கட்டுப்பாடா, மடையா?

அன்பு நண்பர்களுக்கு,

சீரியல் இணைப்பில் சிறுகருவிக்குக் கோப்பு அனுப்பும்போது வரும் சிக்கல்கள் பற்றிய உதவிப்பக்கத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் தர வேண்டும். ‘ஃப்ளோ கண்ட்ரோல்’ என்ற இடத்தில் நிற்கிறேன்; பெறும் முனை திணறாதபடி அனுப்பும் முனையை நிறுத்தி நிறுத்தி விடும் ஏற்பாடு அது. ‘பாய்வுக் கட்டுப்பாடு’ என்று எழுதிவிடலாம். ஆனால் அதில் இரண்டு வகை. ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற தனிக் கம்பிகளில் ‘நிறுத்து, விடு’ சொல்வது ஒன்று; இதை வன்பொருள் வகை என்பார்கள். எக்ஸ்ஆஃப் (நிறுத்து), எக்ஸ்ஆன் (விடு) என்ற குறிகளைத் தரவு போகும் கம்பியிலேயே அனுப்புவது மற்றொன்று; இது மென்பொருள் வகை. இந்த இரண்டாவதுதான் வம்பு. எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை, கோப்பை 128 பைட் தொகுதிகளாக்கி, பைட்டுகளை மாற்றாமல் அனுப்பும். எக்ஸ்ஆஃப் குறியின் மதிப்பு 19. கோப்பிலும் அதே மதிப்புள்ள பைட் வந்தால் பெறும் முனை அதை எக்ஸ்ஆஃப் என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். ஒரு பைட் குறைவதால் அந்தத் தொகுதி எத்தனை முறை அனுப்பினாலும் தேறாது. வேகத்தைக் குறைத்தாலும் கேபிளை மாற்றினாலும் பயனில்லை. ‘மென்பொருள் பாய்வுக் கட்டுப்பாடு’ என்றால் இது வாசகருக்குப் புரியுமா?

மறுமொழி:

‘கட்டுப்பாடு’ ஊர்க்கட்டுப்பாடு, உணவுக்கட்டுப்பாடு என்று வேறு பக்கம் இழுக்கிறது. நம்மிடம் ‘மடை’ இருக்கிறதே! மடை திறத்தல், மடை அடைத்தல் என வினையும் கூடவே கிடைக்கும். மடுத்தல் என்ற வினையைப் பாருங்கள்: செவிமடுத்தல், வாய்மடுத்தல் எல்லாம் உள்ளே வாங்குவதுதான். வாங்குபவர் இசைந்தால்தான் வரத்து. ஃப்ளோ கண்ட்ரோலும் அதுவேதான்.

மறுமொழி:

சொல் அழகு, ஐயா. ஆனால் நான் பாடம் நடத்துகிறவள். மாணவர் சீரியல் இணைப்புக்கான மினிகாம் என்ற மென்பொருளின் பட்டியில் ‘கண்ட்ரோல்’ என்பதைப் பார்ப்பார். ‘கட்டுப்பாடு’ என்றால் உடனே பொருத்திக்கொள்வார். ‘மடை’ என்றால் மடையன்தான் முதலில் நினைவுக்கு வரும்.

மறுமொழி:

மடையன் என்றால் பழந்தமிழில் சமையற்காரர், அம்மா. மடைப்பள்ளி இன்றும் கோயிலில் இருக்கிறது. வசைக்குப் பயந்து சொற்களைக் கைவிட்டால் எதுதான் மிஞ்சும்?

மறுமொழி:

மடைப்பள்ளிக்குப் பிறகு போவோம், வெள்ளி நெருங்குகிறது. பெரும்பாலோர் ‘பாய்வுக் கட்டுப்பாடு’ என்கிறார்கள். சரி, அதையே வைக்கிறேன். அடைமொழியை மட்டும் மாற்றுகிறேன்: ‘கம்பிவழி’, ‘குறிவழி’. வன்பொருள், மென்பொருள் என்பதைவிட நடப்பதை இவை நேராகச் சொல்கின்றன. வரி இப்படி: ‘எக்ஸ்மோடத்தில் அனுப்பும் முன் இரு முனையிலும் குறிவழிப் பாய்வுக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள்.’

மறுமொழி:

‘குறிவழி’யை மனதார ஏற்கிறேன். ‘கட்டுப்பாடு’ மீதான என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். இரு முனைகளும் குறி பரிமாறி ஒத்துக்கொள்ளும் ‘ஹேண்ட்ஷேக்’குக்குச் சொல் தேடும்போது மடையை மறுபடி எடுப்பேன்.