மின்னொளி ஃபைனல் பாதியில் இடி மழை: கோப்பை யாருக்கு?

களக்காட்டான்:
சித்திரையில் அம்மன் கொடை விழாவை ஒட்டி டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடத்தினோம். எட்டு ஓவர் ஃபைனல், ராத்திரி பத்து மணிக்கு மேல். முதலில் ஆடிய அணி 74. அடுத்த அணி மூன்று ஓவரில் 33, ஒரு விக்கெட். அதற்குள் மேற்கே மலைப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்த மின்னல் தலைக்கு மேலே வந்துவிட்டது. ஸ்கோர் போர்டு காற்றில் பறந்து வயலில் கிடந்தது. போகஸ் லைட்டை எல்லாம் அணைத்தோம். இப்போது "ரன் ரேட் எங்களுக்குத்தான் அதிகம்" என்கிறது ஒரு அணி. "இன்னும் 42 அடிக்கணும்லா?" என்கிறது மற்றது. நோட்டீஸில் பந்து எந்தக் கம்பெனி என்பது வரை இருக்கிறது, மழைக்கு ஒரு வரி இல்லை. லைட்டை அணைத்திருக்கவே வேண்டாம் என்று கமிட்டிக்குள்ளேயே பேச்சு வேறு. என்ன செய்யலாம்?

பாளை ஸ்கோரர்:
டி20 ஆட்டத்திலேயே இரண்டாவது அணி 5 ஓவராவது ஆடியிருந்தால்தான், மழையில் நின்ற ஆட்டத்துக்கு ரன்னும் விக்கெட்டும் வைத்து முடிவு சொல்லும் டி.எல்.எஸ். கணக்கைப் பார்ப்பார்கள். வெறும் ரன் ரேட்டை எடுத்தால் விக்கெட் கணக்கில் வராது. 33-க்கு ஒன்றும் 33-க்கு ஆறும் ஒன்றா? 2022 டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஃபைனலே மழையில் முடியாமல், சேப்பாக்கம் அணியும் கோவை அணியும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. நீங்களும் பகிருங்கள்.

மைக்செட் அண்ணாச்சி:
கோப்பை கிடக்கட்டும் வே. லைட்டை அணைத்தது தப்பு என்று சொன்னவரை லைட் கட்டிய அந்த இரும்பு பைப் பக்கத்தில் நிற்கச் சொல்லும். வெட்டவெளியில் உசரமாக நிற்பது அதுதான். அதில் இடி விழுந்தால் ஈரத் தரை வழியாகவும் கரண்ட் பரவும், சுற்றி நிற்கிறவன் கால் வழியாக ஏறும். ஜெனரேட்டர் வயரும் அந்தத் தரையில்தானே கிடக்கிறது!

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை எத்தனை விநாடியோ, அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்தாச்சு, ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் ஒருத்தனும் இறங்கக் கூடாது. தூறல் நின்றுவிட்டது என்பதெல்லாம் கணக்கே இல்லை, மழை பெய்யாத இடத்திலும் விழும். நம்ம பக்கம் எத்தனை பனை கருகி நிற்கிறது! பந்தல், வேப்பமரம், பக்கம் திறந்த தகரக் கொட்டகை எதுவும் ஆகாது. பள்ளிக்கூடக் கான்கிரீட் கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய வேன். போனில் தாமினி செயலியைப் போட்டுவையுங்கள், பக்கத்தில் மின்னல் விழுந்தால் சொல்லும்.

பிலடெல்பியா நெல்லைக்காரன்:
அண்ணாச்சி சொல்வது சரி. கோப்பைக்கு ஒரு வழி: இங்கே பேஸ்பாலில் சாதாரண லீக் ஆட்டம் என்றால், ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தைத் தாண்டி மழையில் நின்றாலும் முடிவு செல்லும். ஆனால் 2008 வேர்ல்டு சீரிஸ் என்கிற பேஸ்பால் ஃபைனல் தொடரின் ஐந்தாவது ஆட்டம் 2-2 என்று இருந்தபோது, ஆறாவது இன்னிங்ஸில் மழை. அப்படியே நிறுத்தி, இரண்டு நாள் கழித்து விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். பிலடெல்பியா ஜெயித்தது. ஃபைனல் சுற்றுகளில் ஆட்டத்தைப் பாதியில் முடிக்கவே கூடாது என்று 2009-இல் விதியையும் மாற்றினார்கள். உங்கள் ஸ்கோர் நோட்டு பத்திரமாக இருக்கிறதா?

களக்காட்டான்:
நோட்டு இருக்கிறது. பரிசுப் பணத்தைப் பாதிப் பாதி கொடுத்தாச்சு. நாலாவது ஓவரிலிருந்து ஆட இரண்டு அணிக்கும் சம்மதம். ஆனால் அவுட் ஆகாமல் நின்ற பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், தீபாவளிக்குத்தான் வருவான். அது அடைமழைக் காலம். பகலில் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.