தானா முளைக்கும் மல்லீன்: இலைவட்டிலேயே பிடுங்கணுமா, பூக்க விடலாமா?

சரளைப்பாதை:
பாத்தி ஓரத்திலும் சரளைக்கல் பாதையிலும் பத்துப் பதினைந்து செடிகள், யாரும் விதைக்காமலே வந்திருக்கின்றன. சாம்பல் கலந்த பச்சை, கம்பளி மாதிரி இலை, தரையோடு வட்டமாகப் படிந்த வளர்ச்சி, அதாவது இலைவட்டு. பெரிய மல்லீன், அதாவது வெர்பாஸ்கம் தாப்சஸ் என்றே தோன்றுகிறது. இப்போதே எடுப்பதா, சிலதை விடுவதா?

களைக்கொத்தி:
எல்லாத்தையும் எடுங்க. இது ஈராண்டுச் செடி. முதல் வருசம் இலைவட்டு மட்டும், அடுத்த வருசம் ஆளுயரத்துக்கும் மேல பூத்தண்டு, விதை கொட்டினதும் செடி செத்துடும். ஆனா ஒரே செடி ஒரு லட்சம் விதைக்கு மேல விடும். ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

அந்த விதைக்கு ஆயுசும் அதிகம். விதை எத்தனை வருசம் உயிரோட இருக்கும்னு பார்க்க, 1879இல் வில்லியம் பீல்ங்கிற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகனில் 20 புட்டிகளில் விதையை மணலோட கலந்து புதைச்சு வெச்சார். 2021இல் எடுத்த புட்டியில் முளைச்சது மல்லீன் இனம்தான். யோசிச்சுக்கோங்க.

மண் ஈரமா இருக்கிறப்ப, வட்டோட நடுக்குருத்துக்குக் கீழ 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் களைக்கொத்தியால் வெட்டினால் போதும். ஆணிவேர் முழுசா வரணும்னு இல்லை. குருத்தும் வேரும் சேர்ற கழுத்து போயிட்டா, மிச்ச வேர் துளிர்க்காது. இலையை மட்டும் அரிஞ்சு விட்டீங்கன்னா கழுத்திலிருந்து திரும்ப வரும். எல்லாரும் இங்கதான் கோட்டை விடுறாங்க.

தேனீப்பக்கம்:
வெட்டுறதுக்கு முன்னாடி அது மல்லீன்தானான்னு பாருங்க. ஃபாக்ஸ்குளோவ்ங்கிற பூச்செடியோட வட்டும் முதல் வருசம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அது விஷம். மல்லீன் இலையில் மேலும் கீழும் ஒரே அளவுக்குத் தடிச்ச ரோமம், ஓரத்தில் பல்லே இல்லாத மாதிரி. ஃபாக்ஸ்குளோவில் மேற்பக்கம் பச்சை தெளிவா தெரியும், ஓரத்தில் சன்னமான பல், அடியில் நரம்பு வலை மாதிரி புடைச்சிருக்கும். காம்ஃப்ரே செடின்னா ரோமம் மெத்துனு இருக்காது, சொரசொரன்னு குத்தும். லேம்ஸ் இயர் செடி தரையில் படர்தண்டு விட்டுக் கூட்டமாகப் பரவும். மல்லீன் தனித்தனி வட்டாத்தான் நிற்கும்.

அடுத்து, பீல் கதையைப் பாதியோட நிறுத்தாதீங்க. 2021இல் முளைச்சது மாத் மல்லீன், வெர்பாஸ்கம் பிளட்டேரியா. அதோட இலை வழவழன்னு இருக்கும், கம்பளியே கிடையாது. விதைகளும் இருட்டில், புட்டிக்குள்ள, பூஞ்சை பூச்சித் தொல்லை குறைஞ்ச இடத்தில் கிடந்தவை. திறந்த பாத்தியில் அதே ஆயுசை எதிர்பார்க்க முடியாது.

ரெண்டு மூணு செடியை விடுங்க. பூ நேரத்தில் தேனீக்கள் வரும். இலை ரோமத்தைச் சுரண்டிக் கூடு கட்டுற கம்பளித் தேனீயும் வரும். காய் முத்துறதுக்கு முன்னால தண்டை வெட்டிட்டா விஷயம் முடிஞ்சது.

களைக்கொத்தி:
மரபணுச் சோதனையில் அந்த நாற்றுகளில் ஒண்ணு தாப்சஸோட கலப்பினம்னு தெரிஞ்சதே, அதை விட்டுட்டீங்களே. சரி, ஆயுசை 140 வருசம் இல்லைன்னே வெச்சுக்குவோம். பாத்தி மண்ணில் சில பத்தாண்டு கிடந்தாலே வீட்டுத் தோட்டத்துக்கு அது ஒரு தலைமுறை.

‘முத்துறதுக்கு முன்னால வெட்டு’ங்கிறது சொல்ல சுலபம். பூ கீழிருந்து மேலே ஏறும். நுனியில் மொட்டு இருக்கிறப்பவே அடியில் காய் பழுத்து ரெண்டா வெடிக்கும். நீங்க பூவை ரசிச்சிட்டு நிற்கும்போது கீழே விதை கொட்டிக்கிட்டு இருக்கும். தேனீ வரலைன்னா காய் பிடிக்காதுன்னும் நினைக்காதீங்க. ஒரு பூ விடியலுக்கு முன் விரிஞ்சு மதியம் தாண்டினதும் மூடும். மூடும்போது தன் மகரந்தத்தையே தான் ஏத்துக்கும்.

தேனீப்பக்கம்:
அதனாலதான் அடையாளம் காயில் இருக்கணும், பூவில் இல்லை. வாரம் ஒருமுறை தண்டோட அடிக் காய்களைப் பாருங்க. பச்சையா, அழுத்தினால் ஈரமா இருக்கிறவரை விடலாம். முதல் காய் பழுப்பாகத் தொடங்கினதும், மேல எத்தனை பூ இருந்தாலும் வெட்டிடணும். நடுத்தண்டு போனா அடியிலிருந்து பக்கக் கிளை பூக்கும். அதையும் இதே மாதிரி பார்க்கணும், ஒருமுறை வெட்டிட்டு மறந்துட்டா பயனில்லை. வெட்டினதைத் தரையில் போடாம நேரா பைக்குள்ள இறக்குங்க.

கொத்துறதிலும் ஒரு சிக்கல் இருக்கு. விதை முளைக்க வெளிச்சம் வேணும். ஆழத்தில் தூங்குற விதையை மண்ணைப் புரட்டி மேலே கொண்டுவர்றது உங்க கொத்துதான். வெட்டின இடத்தில் 5 முதல் 7 செ.மீ. மூடாக்கு, அதாவது இலைதழை மாதிரி போர்வை, போடலைன்னா, அடுத்த பருவம் அதே இடத்தில் பத்து வட்டு வரும்.

களைக்கொத்தி:
மூடாக்கு விஷயத்தில் உங்க பக்கம்தான். சரளைப் பாதையில் அது நடக்காதே? கல்லிடுக்கு அதுக்குத் தொட்டில்.

வேர்த்துண்டு:
ரெண்டு பேரும் தாப்சஸையே வெச்சுப் பேசுறீங்க. வெர்பாஸ்கம் ஃபீனீசியம், ஷைக்ஸி மாதிரி பல்லாண்டு வகைகளை வேர்த்துண்டு நட்டே பெருக்குவாங்க. ‘மிச்ச வேர் துளிர்க்காது’ங்கிற கணக்கு அங்க செல்லாது. தண்டு வந்ததும் இலையடியைப் பாருங்க. இலை தண்டோட ஒட்டி, சிறகு மாதிரி கீழே இறங்கினால் தாப்சஸ் பக்கம். மகரந்தத்தாளில் ஊதா ரோமமும் அடியிலை இதய வடிவமும் இருந்தால் நைக்ரம். வெள்ளிக்கம்பளி மாதிரி வெளுத்திருந்தால் பாம்பிசிஃபெரம். பக்கத்தில் வேற இனம் இருந்தால் கலந்துடும், நாற்று தாய் மாதிரியே வரும்னு நம்பாதீங்க.

சரளைப்பாதை:
இலை ஓரத்தில் பல் இல்லை, ரெண்டு பக்கமும் ரோமம். பாதையில் இருப்பதைப் பெயர்த்துப் பாத்தியில் நடலாமா? களைக்கொல்லி?

தேனீப்பக்கம்:
வட்டு உள்ளங்கை அளவுக்குள்ள இருந்தா பெயர்க்கலாம், ஆணிவேர் ஒடியாம ஆழமா மண்ணோட. பெரிசானதைப் பெயர்த்தா வாடிடும். சின்ன வட்டு அடுத்த வருசமே பூக்கும்னும் இல்லை, போதுமான அளவு வளரலைன்னா மூணாம் வருசத்துக்குத் தள்ளிப் போகும்.

களைக்கொத்தி:
களைக்கொல்லி அந்த ரோமத்து மேல முத்து முத்தா நின்னு வழிஞ்சிடும், உள்ளே இறங்காது. ஒட்டும் திரவம் கலந்தாதான் கொஞ்சம் பலன். பத்துப் பதினைஞ்சு செடிக்கு அது வீண் வேலை, கையால எடுங்க. கையுறை போடுங்க, அந்த ரோமம் பட்டா தோலில் அரிப்பு வரும். காய்ஞ்ச செடின்னா மூக்கையும் மூடிக்கோங்க. வெறும் வட்டைக் கம்போஸ்டில் போடலாம், காய்த்தண்டை வேண்டாம்.

பாத்தியில் மூணு விடுங்க, தடுக்கலை. ஆனா குளம் பக்கம் வேண்டாம், விதை மீனுக்கு விஷம். வேலி ஓரத்திலும் வேண்டாம். விதையில் பெரும்பகுதி 5 மீட்டருக்குள்ளதான் விழும், அந்த 5 மீட்டரும் உங்க நிலமாவே இருக்கட்டும். காய் பார்க்குற வாரம் ஊரில் இருக்க மாட்டீங்கன்னா, பூவோடயே வெட்டிட்டுக் கிளம்புங்க.

தேனீப்பக்கம்:
கடைசி வரியில் மட்டும் எனக்கு மறுப்பில்லை. பாதையில் உள்ளதை இந்த ஈரத்திலேயே எடுத்துடுங்க, மண் இறுகினால் கழுத்துக்கு மேல ஒடியும்.